பார்வை நரம்பு வளராத குழந்தைக்கு ஸ்டெம் செல் ஊசி போட நிதி திரட்டலாமா?

அக்கா மகளுக்கு இரண்டு வயது, பார்வை நரம்பு சரியாக வளரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசிக்கு 9 லட்சம் கேட்கிறார்கள், ஆன்லைனில் பணம் திரட்டப் போகிறோம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பணமும் திரட்டினோம், ஊசியும் போட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிவகாசி. வீட்டுக்காரர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். மகள் பிறந்தது 2012-ல். மூன்றாம் மாதம் அவள் கருவிழி இரண்டும் நிற்காமல் ஆட ஆரம்பித்தன. முகத்துக்கு நேராக விளக்கைக் காட்டினாலும் திரும்ப மாட்டாள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு பிறவியிலேயே மெலிந்திருக்கிறது, ஆபரேஷனோ மருந்தோ கிடையாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வீடு திரும்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? உங்கள் அக்காவின் தவிப்பு எனக்குப் புரிகிறது.

2015-ல் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வெளிமாநிலத்தில் ஒரு கிளினிக். தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை முதுகுத்தண்டு வழியாக நாலு தடவை செலுத்துவார்களாம். தங்கும் செலவோடு ஏழு லட்சம். அச்சக முதலாளி மகளின் படம் போட்டு நோட்டீஸ் இலவசமாக அடித்துக் கொடுத்தார். கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் மொய் நோட்டில் எழுதுவதுபோல ஒரு நோட்டில் எழுதினோம். 212 பேர். தீப்பெட்டி ஒட்டுகிற எதிர்வீட்டு ஆச்சி 50 ரூபாய் கொடுத்தார். மீதிக்கு என் நகை போயிற்று.

ஊசி போடும்போது குழந்தையை இறால் மாதிரிச் சுருட்டி மூன்று பேர் பிடித்தார்கள். தலை என் கையில். ஐந்தாம் நாள் அவள் முன்னால் டார்ச் அடித்து வீடியோ எடுத்தார்கள். வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள். நான் அழுதுகொண்டே கேமராவைப் பார்த்து, "என் பிள்ளைக்குத் தெரியுது" என்றேன். அந்த வீடியோவைப் பார்த்து எத்தனை குடும்பம் போனதோ.

ஊருக்கு வந்து சில மாதம் கழித்து, பேட்டரி தீர்ந்துபோன டார்ச்சை எதற்கோ தட்டிப் பார்த்தேன். மகள் சட்டென்று திரும்பினாள். 'டிக்' என்ற சுவிட்ச் சத்தத்துக்குத்தான் அவள் திரும்பியிருக்கிறாள், அன்றைக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நோட்டில் இருந்த 212 பேரும் தெருவில் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "பிள்ளைக்குப் பார்வை வந்துச்சாம்மா?" வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? 'கொஞ்சம் தெரியுது' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவரிடம், நான் வாய் திறக்குமுன் மகளே சொன்னாள்: "எனக்குக் கொஞ்சம் தெரியுது." நாலு வயது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாளிலிருந்து நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்து, இல்லை, வரவில்லை என்று சொன்னேன். எதிர்வீட்டு ஆச்சி, "அதுக்கென்ன, பிள்ளை நல்லாச் சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டார்.

லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையின் கண் மருத்துவர் மார்க் போர்ச்சர்ட், இதே குறைக்காகச் சீனாவுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளைப் போவதற்கு முன்னும் பின்னும் சோதித்து, போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். சேர்ந்த குடும்பங்கள் மிகக் கொஞ்சம்தான். ஆனால் ஊசியால் பார்வை கூடவில்லை. 2013-லேயே வெளிவந்த முடிவு. நாங்கள் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து! இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குறை உள்ள சில குழந்தைகளுக்கு மூளை வளர வளர முதல் சில வருடங்களில் பார்வை தானாகவே கொஞ்சம் கூடும். அந்த நேரத்தில் ஊசி போட்டிருந்தால் நல்ல பெயர் ஊசிக்குப் போய்விடும்.

எல்லாப் புது மருத்துவமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அப்போது இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை எட்டரை லட்சம் டாலர். ஆனால் அது ஆர்பிஇ65 என்ற மரபணுவில் கோளாறு உள்ள விழித்திரை நோய்க்கு மட்டும். நரம்பே வளராத நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. நம் நாட்டில் ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்த நோய் போன்றவற்றுக்குச் செய்கிற ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற எல்லாமே ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 9 லட்சம் கேட்கிறவர்களிடம், மருத்துவ ஆராய்ச்சிகளைப் பதிவு செய்கிற சிடிஆர்ஐ என்ற இந்தியப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன, ஆராய்ச்சி என்றால் எதற்குக் காசு என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம், தயவுசெய்து அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மகளுக்கு நாலரை வயதில் சாதாரணக் காய்ச்சல் வந்தது. காலையில் எழுப்பினால் எழவில்லை, கை கால் துவண்டு கிடந்தாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அங்கே இருந்த ஹார்மோன் டாக்டர் முதலில் கேட்டதே, "பிட்யூட்டரி டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றுதான். பார்வை நரம்பு வளராத குழந்தைகள் பலருக்கு மூளையின் அடியில் இருக்கிற அந்தச் சுரப்பியும் சரியாக வேலை செய்யாதாம். காய்ச்சல் மாதிரி நேரத்தில் உடம்பு தாங்கிக்கொள்ள உதவுகிற கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தால், ஒரு காய்ச்சலே உயிரைக் கொண்டுபோய்விடும். தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் எல்லாமே குறையலாம். ஊசிக்கு அலைந்த அத்தனை நாளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. இவளுக்குத் தீர்க்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அதற்கு வேண்டியது மாத்திரை. இன்றைக்குக் காலையும் மாலையும் மாத்திரை போடுகிறாள், காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன கணக்கில் கூட்டிக் கொடுக்கிறோம். ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள். பிரெய்ல் புத்தகத்தை இருட்டில் போர்வைக்குள் வைத்து வாசிக்கிறாள், திட்டினாலும் கேட்பதில்லை.

பணம் திரட்டுவது தப்பில்லை. எம்ஆர்ஐக்கு, ஹார்மோன் மருந்துக்கு, பிரெய்ல் சொல்லித் தருகிற பள்ளிக்கு என்று தெளிவாக எழுதித் திரட்டுங்கள், கொடுப்பவர்கள் கொடுப்பார்கள். அவ்வளவு சொல்லியும் ஊசிக்குத்தான் என்று அக்கா நின்றால், 'பலிக்கும் என்று நிரூபணம் இல்லை' என்று நோட்டீஸிலேயே போடச் சொல்லுங்கள். நாளைக்குத் தெருவில் கேட்கிறவர்களுக்கு அவர் பொய் சொல்ல வேண்டி வராது.

முதலில் அந்தப் பிட்யூட்டரி ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனை. குழந்தை ஹார்மோன் டாக்டரிடம் இந்த வாரமே அழைத்துப் போகட்டும். அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ வந்து குழந்தை சோர்ந்து படுத்தால், தூங்குகிறாள் என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். பார்வை நரம்புக் குறை இருக்கிறது, கார்டிசால் இன்னும் பார்க்கவில்லை என்று உள்ளே நுழையும்போதே சொல்லட்டும்.