தெரிந்தும் செய்யாத பிள்ளை

அன்புள்ள சார்,

என் மகனுக்கு 9 வயது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. வீட்டுப்பாடம் என்றால் பத்து நிமிடம் உட்கார மாட்டான்; வீடியோ கேம் என்றால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். அப்படியென்றால் இது சோம்பேறித்தனம்தானே? தினமும் ராத்திரி புத்தி சொல்கிறேன், தலையாட்டுகிறான். காலையில் மறுபடி அதே கதை. பள்ளியிலிருந்து வாரம் ஒரு புகார். ஆசிரியை எழுதியதை இணைத்திருக்கிறேன்.

ஒரு அப்பா

அன்புள்ள நண்பருக்கு,

சோம்பேறித்தனம் இல்லை. அவனிடம் கவனம் இருக்கிறது, கடிவாளம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. கேமில் நொடிக்கு நொடி பரிசு. வீட்டுப்பாடத்துக்கான பரிசோ என்றைக்கோ வரும் மதிப்பெண். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மற்றப் பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) ஏழரை வயதுவாக்கில் எட்டிய வளர்ச்சியை ஏடிஎச்டி பிள்ளைகள் பத்தரை வயதுவாக்கில்தான் எட்டினார்கள்.

ராத்திரிப் புத்திமதியை விட்டுவிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். செய்யவேண்டிய அந்த நிமிடத்தில்தான் நழுவுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் நேரம்: ஒரு சாக்ஸ் காலில், இன்னொன்று கையில், கண் சுவரில் போகும் எறும்பின் மேல். அப்போது "பல் தேய்ச்சியா, பையை எடு, பாட்டிலை மறக்காதே" என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நிற்காது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "இன்னொரு சாக்ஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். போட்டதும் அடுத்தது. கணக்குத் தாளைப் பாதியாக மடித்துக் கொடுங்கள். மேல்பாதி முடிந்ததும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும், அப்புறம் கீழ்ப்பாதி.

பள்ளியில் இரண்டே விஷயம் கேளுங்கள். வாரப் புகாருக்குப் பதில், ஏதாவது ஒரே ஒரு இலக்கைப் பற்றித் தினமும் ஒரு வரிக் குறிப்பு. இன்னொன்று, தண்டனை என்று அவனுடைய விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது. ஓடி ஆடினால்தான் அடுத்த வகுப்பில் உட்காருவான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் டாக்டர் இல்லை. அதை உங்கள் டாக்டரிடமே பேசுங்கள், சொந்தக்காரர்களிடம் வேண்டாம்.

அப்புறம், ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. ஆசிரியை எழுதியதை இணைத்திருப்பதாகச் சொன்னீர்கள். கடிதத்தோடு எதுவும் வரவில்லை. சின்ன வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.