இடிப்பதற்கு முன் கழற்றுங்கள்

கேள்வி: மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சங்கத்துக்கு 1970களில் கட்டிய பூப்பந்து மண்டபம் இருக்கிறது. பின்பக்கத்து உடை மாற்றும் அறைகளை மட்டும் இடித்துக் கட்டப் போகிறோம். கூரை அஸ்பெஸ்டாஸ். தண்ணீர் அடித்து உடைத்து ரோரோ தொட்டியில் (லோரி ஏற்றிச் செல்லும் பெரிய கழிவுத் தொட்டி) போட்டால் போதும் என்கிறார் குத்தகையாளர். முன்மண்டபத்தில் மாலை வகுப்புகள் தொடரலாமா?

பதில்: வேண்டாம். வகுப்புகளை நிறுத்துங்கள், குத்தகையாளரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

கூரையில் முழுதாகக் கிடக்கும்வரை அந்தத் தகட்டால் பெரிய தொல்லை இல்லை, சிமெண்டு அஸ்பெஸ்டாஸ் நாரை இறுகப் பிடித்திருக்கிறது. உடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத தூசு கிளம்பும். அது தரும் புற்றுநோய் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே, "பத்து வருஷமா உடைக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

தண்ணீர் சரிதான், உடைப்பதுதான் தவறு. லேசான தூறலாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது, அழுத்தமாகத் தண்ணீர் ஜெட் அடிக்கக் கூடாது, துடைப்பம் தொடவே கூடாது. இறக்கியதை 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, எச்சரிக்கை எழுத வேண்டும். யாரையும் கூரைமேல் நடக்க விடாதீர்கள். பழைய தகடு ஆள் எடை தாங்காது; புற்றுநோய் வருவதற்கு முன்பே ஆள் கீழே விழுந்துவிடுவார். சாரம் போட்டு அடியிலிருந்து வேலை செய்யட்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் இயந்திரம் கை வைக்கலாம்.

கூரையோடு பார்வையை நிறுத்தாதீர்கள். உள்கூரைப் பலகை, வினைல் தரை, அதன் அடியில் இருக்கும் கருப்புப் பசை, வெந்நீர்க் குழாயைச் சுற்றிய உறை எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குழாய் உறை கையில் உதிர்ந்தால் அதைத் தொடாமல் அறையைப் பூட்டுங்கள். அது சாதாரணக் கூரை ஆளின் வேலையே அல்ல. மாதிரி எடுப்பவரும் கழற்றுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். "அஸ்பெஸ்டாஸ் இல்லை" என்ற அறிக்கையால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது லோரி. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கொட்டேஷனில் "கழிவு அகற்றல் உட்பட" என்று ஒரே வரி எழுதி, விலையைப் பாதியாக்கித் தரும் தரகர்கள் உண்டு. சரக்கு ஏதாவது செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கிடக்கும். சுற்றுச்சூழல் துறை பிடித்தால் கழிவின் உரிமையாளர் சங்கம்தான், லோரிக்காரர் இல்லை.

இதில் ஒரு சந்து இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகளில் அஸ்பெஸ்டாஸ் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் வருகிறது. அங்கே தூசு, நார், சேறு என்றுதான் எழுதியிருக்கிறது. "முழுத் தகடு இதில் வராது சார்" என்பார்கள். சரி, முழுத் தகடாகவே வைத்துக்கொள்வோம். இயந்திரக் கையில் நசுக்கித் தொட்டியில் அமுக்கிய பிறகும் அது முழுத் தகடா? விரிசல் விட்டது, நொறுங்கியது, தரையில் சிந்தியது எல்லாவற்றையும் எஸ்டபிள்யூ 201 என்றே நடத்துங்கள். உரிமம் பெற்ற வாகனம், உரிமம் பெற்ற இடம், சுற்றுச்சூழல் துறையின் மின்பதிவில் ஏறிய அனுப்புகைக் குறிப்பு மூன்றும் வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். தளத்தில் குவித்து வைக்கவும் எல்லை உண்டு: 180 நாள், 20 டன்.

இடிக்க மாநகர் மன்றத்தின் அனுமதி, தொழிலாளர் பாதுகாப்புக்கு இன்னொரு துறை, கழிவுக்கு மூன்றாவது துறை. ஒரு கூரைக்கு மூன்று கவுண்டர்! ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 2024 ஜூன் 1இல் பழைய தொழிற்சாலை மற்றும் இயந்திரச் சட்டத்தை நீக்கி, 1994 தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தை விரிவாக்கிய பிறகும் இந்த அலைச்சல் குறையவில்லை. வாய்மொழியாகக் கேட்காமல் கடிதம் எழுதுங்கள், பதிலைச் செயலவைக் கோப்பில் வையுங்கள்.

வேலையைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டால் வகுப்பு இழப்பு குறையும். தகடு போன பிறகு முன்மண்டபத்தையும் ஈரத்துணியால் துடைத்து, குத்தகையாளருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்துக் காற்றைச் சோதித்து, அறிக்கை வந்த பிறகு பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.