சம்பளம் வாங்கியவருக்கு எதற்குப் பொன்னாடை?

வணக்கம் அண்ணா,

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசகசாலைக்குக் கொஞ்சம் நன்கொடை வந்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பேரை அழைத்துப் பாராட்டலாம் என்று முடிவு செய்தோம். கால்நடை ஆராய்ச்சியில் ஒருவர், காட்டுப் பாதுகாப்பில் ஒருவர். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் மாடு இருக்கிறது, வாசலில் நின்றால் மலை தெரிகிறது, அதனால் இந்த இரண்டு. ஆனால் கமிட்டியில் சண்டை. “அவங்க சர்க்கார் சம்பளம் வாங்கறவங்க. வேலையைச் செஞ்சதுக்குப் பொன்னாடையா? ஆடு மேய்க்கறவனக் கூப்புடுங்க” என்கிறார் ஒரு பெரியவர். இன்னொருவர், அவர்கள் எழுதும் கட்டுரை ஒன்றுகூட நமக்குப் புரியாதே, எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்கிறார். எனக்கு இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் பெரியவருக்குப் பதில் சொல்லும் முன் மாடுகளைக் கொன்ற வெக்கை நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மலையாளத்தில் காலிவசந்தா என்பார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். முதலில் காய்ச்சல், பிறகு வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, கடைசியில் கழிச்சல். பத்து நாளுக்குள் மாடு சாய்ந்துவிடும். பட்டியில் ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றையும் கணக்கில் வைக்க வேண்டியதில்லை.

இன்று அந்த நோய் உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக அது தென்பட்டது 1995இல், அதுவும் நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுதான். யாருக்காவது இதற்காக நம் பக்கத்தில் மாலை விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

செய்தவர்கள் எல்லோரும் சம்பளக்காரர்கள்தான். ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் மருந்து தயாரித்தவர்கள், அதை ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்க்கில் வைத்துத் தோப்பு தோப்பாகச் சுமந்தவர்கள். மருந்தைக் கரைத்துவிட்டால் வெயிலில் வைத்திருக்க முடியாது, கொஞ்ச நேரத்தில் வீரியம் போய்விடும். மாட்டைப் பிடிக்க ஆள் வரவில்லை என்றால் புட்டியைக் கொட்ட வேண்டியதுதான். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் பகுதி இது. வெளியூர் நோய் முதலில் இறங்குவதும் உங்கள் ஊரில்தான்.

அதைவிடக் கடினமான கட்டம் நோய் நின்ற பிறகு வந்தது. ஊசியை நிறுத்திவிட்டு, நோய் இல்லை என்று உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும். ஊர் ஊராக, சந்தை சந்தையாக, மாடு ஓட்டிப்போகும் வழி வழியாகப் போய் வாய்ப்புண் இருக்கிறதா, கழிச்சல் இருக்கிறதா என்று தேடினார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். தேடியது கிடைக்காமல் போவதுதான் அங்கே வெற்றி. வேலை முழுசாக முடிந்ததால் அந்த வேலை நடந்ததே ஊருக்கு மறந்துபோனது. சம்பளத்துக்குச் செய்த வேலைக்குப் பாராட்டு எதற்கு என்று கேட்கிறவரிடம் நான் இதைத்தான் சொல்வேன். சம்பளம் வாங்கினார்கள், வேலையைக் கடைசிவரை செய்தார்கள். இந்த நாட்டில் அது அப்படியொன்றும் மலிந்து கிடக்கும் சரக்கல்ல.

இதில் காடு எங்கே வந்தது என்கிறீர்களா? வெக்கை பட்டியோடு நிற்காது. 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் அந்த நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காட்டுமாட்டைப் பிடித்துவைத்து யாரும் ஊசி போட முடியாது. வீட்டு மாட்டுக்குப் போட்ட ஊசிதான் காட்டுமாட்டையும் காப்பாற்றியது. சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போகும்போது (கேரளத்துக் காட்டைப் பார்க்க நீங்கள் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், அது வேறு கதை) ரோட்டோரம் காட்டுமாடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமானவர்களில் மாட்டு டாக்டரும் உண்டு. அதனால் கால்நடைக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர் என்று நீங்கள் பிரித்ததே எனக்கு ஒப்பவில்லை. ஒரே விருதாக வையுங்கள்.

சம்பளக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1961இல் கேரளத்தில் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத காளையை யாரும் வைத்திருக்கக் கூடாது, காயடித்துவிட வேண்டும். 1963இல் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் சுவிஸ் உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளையோடு நாட்டுப் பசுவைக் கலந்ததில் சுனந்தினி வந்தது. இதைத் திட்டுவது இப்போது சுலபம், நான் திட்ட மாட்டேன். உங்கள் சொசைட்டியில் காலையில் அளக்கிற பாலில் அந்த ஆராய்ச்சியும் இருக்கிறது. ஆனால் அதே வேகத்தில் நாட்டு மாடு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. வைக்கத்துக்குப் பக்கத்து வெச்சூர் மாடு அதில் ஒன்று. மூன்றடி உயரம், நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் பால், தீனிச் செலவு சொல்லும்படி இல்லை.

மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் மாட்டின விருத்தி கற்பித்த பேராசிரியர் சோசம்மா ஐப் 1989இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த மாட்டைத் தேடி ஊர் ஊராகப் போனார். அரசாங்கமும் அவருடைய துறையும் அன்றைக்குப் போய்க்கொண்டிருந்த திசை கலப்பினம். அவர் போனது அதற்கு நேர் எதிர்த்திசையில். அந்தத் தேடலில் கிடைத்த மாடுகளிலிருந்து இனம் திரும்ப எழுந்து வந்தது. 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்குள் முப்பது வருடம் ஓடிவிட்டது. பெரியவரிடம் கேளுங்கள், இது எந்தச் சம்பளத்துக்குள் வரும்?

பாராட்டுப் பத்திரம் எழுதும்போதும் இதை மறக்காதீர்கள். நம்மூர் விழாக்களில் வாசிக்கிற பத்திரத்தில் ‘அரும்பணி ஆற்றிய’, ‘தன்னலமற்ற’ என்று எழுதி, பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். அவர் எதைக் காப்பாற்றினார், அது எதனால் அழிந்துகொண்டிருந்தது, யார் வேண்டாம் என்றார்கள் என்று எழுதுங்கள். வெச்சூர் மாட்டைப் புகழ்ந்துவிட்டு 1961ஆம் வருடச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பொய்.

கட்டுரை புரியாது என்பவருக்கு: புரிய வேண்டாம். போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். கேரளத்து வாழச்சால் காட்டில் இருவாச்சிப் பறவையின் கூடுகளை அங்குள்ள பழங்குடிகளான காடர்களே காவல் காக்கிறார்கள். பெட்டைப் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். கீறல் மாதிரி ஒரு திறப்பு மட்டும் மிச்சம். ஆண் பறவை அதன் வழியே ஒவ்வொரு அத்திப்பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து நீட்டும், வாரக்கணக்காக. வெளியே போன ஆணை யாராவது அடித்துவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி. முன்பு அந்தக் குஞ்சுகளை உணவுக்கு எடுத்தவர்களும் காடர்கள்தான். எந்த மரத்தில் பொந்து என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2000களின் நடுவில் அமிதா பச்சன் என்ற ஆய்வாளர் அவர்களோடு சேர்ந்து கூடுகளைக் கண்காணிக்கத் தொடங்கினார். (பெயரைப் படித்துச் சிரிக்காதீர்கள், மேடையில் அறிவிக்கும்போது கூட்டம் எப்படியும் சிரிக்கும்.) அந்த ஆராய்ச்சி நல்லதா என்று தெரிந்துகொள்ள நீங்கள் மரத்தடியில் போய் நின்றால் போதும். மேலே பறவை இருக்கும், கீழே அது துப்பிய விதை கிடக்கும்.

ஆடு மேய்க்கிறவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கென்று விருது ஏற்கெனவே இருக்கிறது. நாட்டு இனங்களை வளர்ப்பவர்களைத் தேடிப்பிடித்து மதுரை சேவா அமைப்பு தேசியப் பல்லுயிர் ஆணையத்தோடு சேர்ந்து கௌரவித்தது. நீங்களும் அதையே செய்ய வேண்டியதில்லை. அவரை மேடையில் ஏற்றி ஒரு துண்டைப் போட்டு அனுப்புவதைவிட, தேர்வுக் குழுவில் உட்கார வையுங்கள். மலபாரி ஆடு நிறைய இரட்டைக் குட்டி போடும், அட்டப்பாடிக் கருப்பாடு பெரும்பாலும் ஒற்றைதான். காகிதக் கணக்கில் மலபாரி ஜெயித்துவிடும். ஆனால் அட்டப்பாடியின் கல்லுச் சரிவில் நாள் முழுக்க நடந்து மேய்வதற்கு எது தாங்கும் என்று ஒரு ஆராய்ச்சியாளர் கேட்டாரா, கேட்டுவிட்டுக் காதில் வாங்கினாரா என்பதை மேய்க்கிறவர் ஒரே பேச்சில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கமிட்டிக்கு அது முடியாது.

முதல் வருடத்துக்கு யார் என்று கேட்டால், பத்மஸ்ரீ வாங்கியவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு மேடை குறைவில்லை. வெக்கைக் காலத்தில் எல்லைப் பகுதியில் ஊசியும் தேடலுமாக அலைந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவரும் உதவியாளரும் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். சித்தூர் மிருகாஸ்பத்திரியில் விசாரித்தால் பெயர் கிடைக்கும். பொன்னாடை, ஷீல்டு எல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்து கூட்டிவர வண்டி அனுப்புங்கள், ஒரு மணி நேரம் பேச விடுங்கள், பேசியதை எழுதிவையுங்கள். விழாவைச் செவ்வாய், வியாழனில் வைத்துவிடாதீர்கள். கேட்க வேண்டிய ஆட்கள் அன்றைக்குப் பொள்ளாச்சிச் சந்தையில் இருப்பார்கள்.