அமெரிக்க பப்ளிக் ஸ்கூல்ல ஹிஸ்பானிக் பசங்க படிப்பு முன்னேற என்ன செய்யணும்?

டெக்சாஸ்ல இருக்கேன், என் பொண்ணு படிக்கிற பப்ளிக் ஸ்கூல்ல, அதாவது இங்கத்த அரசுப் பள்ளில, பாதிக்கு மேல ஹிஸ்பானிக் பசங்கதான், மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசுற நாடுகளைப் பூர்வீகமா கொண்டவங்க. "அவங்க வீட்ல படிப்புன்னா அக்கறையே கிடையாது"ன்னு நம்மாளுங்க பர்த்டே பார்ட்டில உக்காந்து அடிச்சு விடுவாங்க பாருங்க, அதை முதல்ல ஓரமா வைங்க. காசுதான் விஷயம்.

இங்க ஸ்கூலுக்கான பணத்துல பெரிய பங்கு சொத்து வரிலேருந்து வருது, வீட்டு விலை கம்மியான ஏரியான்னா ஸ்கூலும் இழுபறிதான். சான் அன்டோனியோல எட்ஜ்வுட்னு ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு ஏரியாவோட அரசுப் பள்ளிகளை நடத்துற அமைப்பு), 90 சதவீதம் மெக்சிகன் அமெரிக்கன் பசங்க. 1967-68ல அந்த ஜனங்க 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினாங்க, அதே சிட்டில வசதியான ஆலமோ ஹைட்ஸ்ல வெறும் 85 சென்ட்தான். ஆனா ஸ்டேட் காசு, ஃபெடரல் காசு எல்லாம் சேர்த்தும் எட்ஜ்வுட்ல ஒரு பையனுக்கு 356 டாலர், ஆலமோ ஹைட்ஸ்ல 594. கூட வரி கட்டினவனுக்கு கம்மி, எங்க போய் முட்டிக்கிறது? டெமெட்ரியோ ராட்ரிகஸ்னு ஏர்ஃபோர்ஸ் பேஸ்ல தகடு வேலை பார்த்த ஒரு அப்பா, இன்னும் சில பெற்றோரோட சேர்ந்து கேஸ் போட்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 1973ல 5க்கு 4னு தோத்துட்டாங்க. அப்புறம் 1989ல டெக்சாஸ் மாநில சுப்ரீம் கோர்ட்தான் ஸ்கூலுக்குப் பணம் ஒதுக்குற இந்த ஏற்பாடே செல்லாதுன்னு சொல்லி, 1993ல பணக்கார டிஸ்ட்ரிக்ட்கிட்ட எடுத்து மத்தவங்களுக்குக் கொடுக்குற சட்டம் வந்துச்சு. ராபின் ஹூட் சட்டம்னு இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

அடுத்தது மொழி. பேரன்ட் டீச்சர் மீட்டிங்ல எனக்கு முன்னாடி இங்கிலீஷ் தெரியாத ஒரு அம்மா, மொழிபெயர்த்துச் சொல்ல கூட பையன். டீச்சர் மூச்சு விடாம புகார் சொல்றாங்க, ஹோம்வொர்க் தர்றதில்ல, பின்னாடி உக்காந்து பேசிட்டே இருக்கான்னு, அவன் அம்மா பக்கம் திரும்பி "தோதோ பியென்"னு ரெண்டே வார்த்தைல முடிச்சுட்டான், அதாவது எல்லாம் நல்லாருக்காம்! அந்தம்மாவும் சிரிச்ச முகமா தேங்க்ஸ் சொல்லிட்டுக் கிளம்புறாங்க. பையனைக் குத்தம் சொல்லி என்ன, ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒரு ஆளை அங்க உக்கார வச்சிருக்கணும்.

ஒரு டிஸ்ட்ரிக்ட்ல எலிமென்டரி (ஆரம்பப் பள்ளி) அளவுல ஒரே கிரேடுல, ஒரே தாய்மொழி உள்ள, இங்கிலீஷ் இன்னும் சரியா வராத பசங்க 20 பேர் இருந்தா இருமொழி வகுப்பு வச்சே ஆகணும்னு டெக்சாஸ்ல சட்டமே இருக்கு. சட்டம் இருந்து என்ன பண்ண, அதுக்கு சர்டிஃபிகேட் உள்ள டீச்சர் கிடைக்கிறதில்ல. என்னைக் கேட்டா, ஏற்கெனவே ஸ்கூல்ல உதவியாளரா இருக்குற ஸ்பானிஷ் பேசுற அம்மாக்களை சம்பளம் குடுத்தே படிக்க வச்சு டீச்சராக்கிடலாம். பசங்களையும் தெரியும், வீட்டையும் தெரியும், ரெண்டு வருஷத்துல வேற ஊருக்கு மாத்தலாகிப் போகவும் மாட்டாங்க.