ஸ்கேன் படத்தில் தெரியும் முதுமை: வாசகர் கேள்விகள்

தலைசுற்றலுக்காக 72 வது வயதில் அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆரம்பமா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. 60 வயதைத் தாண்டினால் மூளை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட அரை சதவீதம் வரை சுருங்குவது இயல்பு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்து மடிப்புகளுக்கு இடையே பள்ளங்கள் அகன்றிருக்கும், நடுவிலுள்ள நீரறைகள் சற்றுப் பெருத்திருக்கும். அம்மா வரவு செலவைத் தானே பார்க்கிறாரா, நேற்றுப் பேசியது நினைவிருக்கிறதா, மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? இவற்றில் தடுமாற்றம் இருந்தால்தான் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘வெண்பொருளில் புள்ளிகள், ஃபசேக்காஸ் 2’ என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மால் ஏதாவது செய்ய முடிகிற இடம் இதுதான். வெண்பொருள் என்பது மூளைக்குள் நரம்பிழைகள் ஓடும் பகுதி. அங்கே நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதடைந்த இடங்கள் எம்ஆர்ஐயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். 1987இல் வந்த ஃபசேக்காஸ் அளவுகோல் இவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது. தனித்தனிப் புள்ளி என்றால் 1. வயதானவர்களில் மிகச் சகஜம். ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2, பெரிய திட்டாகிவிட்டால் 3. அப்பா இப்போது நன்றாக இருந்தாலும் 2 என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் வேலை, ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு முடிவில், மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே என்று விட்டவர்களைவிட இந்த வெண்திட்டுகள் குறைவாகவே வளர்ந்திருந்தன. ஆனால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறவர்களுக்கு அவ்வளவு குறைப்பது ஆகாது. இலக்கை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை, புகைப்பழக்கம் இரண்டும் அடுத்தது.

எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக அமிலாய்டு பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். அல்ஸைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்திருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் அது. நினைவாற்றல் சரியாக உள்ள முதியவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அமிலாய்டு படிவு தெரியும். பலருக்கு டிமென்ஷியா வராமலே காலம் போய்விடும். விடை தெரியாத கவலையை எதற்கு வாங்குவது?

நடந்தால் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸ் வளருமாமே?

2011இல் வந்த ஓர் ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு அது 2 சதவீதம் பெருத்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் நடங்கள், ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது. அப்புறம், பழைய ஸ்கேன் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை எடுக்கும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.