டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்ற பிறகும் சிலர் ஏன் நாள் கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள்?

பில் கட்டப் பணம் புரளாமல் இருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எட்டாம் நாள் காலை டாக்டர், “இனி பிசியோதெரபிதான், இன்றைக்கே கூட்டிப் போகலாம்” என்றார். நாங்கள் கிளம்பியது பதினான்காம் நாள்.

எங்கள் வீடு ஏற்காட்டில், காபித் தோட்டங்களுக்கு உள்ளே. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகு, ஜீப் மட்டும் போகும் மண் பாதை. அப்பாவுக்கோ இடது கை கால் அசையவில்லை. சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப். நடுராத்திரி டியூப் கழன்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? 108 அவசரத்துக்கு வரும், வீட்டில் கொண்டுபோய் விட வராது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க இடம் தேடி அலைந்தோம். ஒரு முதியோர் இல்லத்தில், டியூப் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்காரர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார், ஏற்காடு என்றதும் போனை வைத்துவிட்டார். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கூடுதலாகத் தங்கிய ஆறு நாளில் இரண்டு நாள், யார் வீட்டில் வைப்பது என்று அண்ணனும் நானும் பேசியே போனது. சிகிச்சை முடிந்த பிறகு தங்கிய நாளுக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குள் அப்பாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண்தான்.

கடைசியில் கை கொடுத்தது சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் இருக்கும் அத்தை வீடு. தரைத்தளம். டியூப் வழியாகக் கஞ்சி ஊற்ற அம்மாவுக்குக் கை நடுங்கியது. “நீங்க ஊத்துங்கம்மா, நான் பக்கத்துலயே நிக்கறேன்” என்று ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் மூன்று வேளை அம்மாவையே செய்ய வைத்தார். தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, வடிகட்டிய கஞ்சியை மெதுவாக ஊற்றி, டியூபைத் தண்ணீர் விட்டு அலசி, அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வைக்க வேண்டும். இதை எட்டாம் நாள் வரை காத்திருக்காமல் நான்காம் நாளே கற்றுத் தந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆதங்கம்.

நீங்களும் இந்த நிலையில் இருந்தால், சேர்த்த இரண்டாம் மூன்றாம் நாளே “வீட்டுக்குப் போகும்போது எந்தெந்த டியூப் இருக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகவரி கொடுத்து வையுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, எங்களுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்தார்கள். அப்புறம், வீல்சேர் வாங்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நாங்கள் அளக்கவில்லை.