மழை என்றாலே மகளுக்கு வயிற்று வலி

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளியில் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுத்ததிலிருந்து "சென்னை மூழ்கிடுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வானம் கறுத்தாலே வயிற்று வலி, இரவில் தூக்கமில்லை. இது நோயா டாக்டர்?

பதில்: இதை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல மாட்டேன் அம்மா. வெள்ளத்தை வீட்டுக்குள்ளேயே பார்த்த குழந்தைக்கு மழையைக் கண்டால் பயம் வரத்தான் செய்யும். வயிற்று வலியை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், பதற்றத்தில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வலிக்கும். இருந்தாலும் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லையென்று குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"ஒன்றும் ஆகாது, போய்ப் படு" என்று மட்டும் வேண்டாம். ஆனதைத்தான் அவள் பார்த்திருக்கிறாளே! "மறுபடி வெள்ளம் வரலாம், வந்தால் மாடி வீட்டுக்குப் போய்விடுவோம், உன் பையைப் பரண்மேல் வைத்துவிடுவோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தாலே பயம் கொஞ்சம் தணியும்.

அப்புறம் பாடம். பூமி தீப்பிடித்து எரிவதுபோல் போஸ்டர் வரைய வைப்பதும், "உலகைக் காப்பது உங்கள் கையில்" என்று பத்து வயதுப் பிள்ளை தலையில் பாரம் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை, பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அவளுக்குத் தன் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் தெரியட்டும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கம்தான், 2022ல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அங்கீகரிக்கப்பட்டது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. குப்பையும் கட்டடமும் அந்த நிலத்தை எப்படிச் சுருக்கின என்று நேரில் காட்டுங்கள், பறவைகளையும் காட்டுங்கள்.

வீட்டில் ஒரு மழைமானி செய்யலாம். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் வரும்படி ஸ்கேலை ஒட்டுங்கள். மழை விட்டதும் எத்தனை மில்லிமீட்டர் என்று அவளே குறித்து, வானிலை மையம் சொல்லும் அளவோடு ஒப்பிடட்டும். பயந்துகொண்டே பார்த்த மழையை அளந்து பார்க்க ஆரம்பிப்பாள். வகுப்பிலும் ஒன்று வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.

படுக்கும் நேரத்தில் புயல் செய்தி ஓடவேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவச எண்தான், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.